ஒருவழிப் பயணத்துக்கு ரிட்டர்ன் டிக்கெட் எதற்கு?



சென்ற மாதம் நமது டிரஸ்டின் கர்ளு ஹஸனா குழுவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு மனுக்கள் வந்தன. இரண்டுமே விமான டிக்கெட்டுக்குக் கடன் கேட்டு வந்தவை.

முதல் மனு, மகனை விசிட் விசாவில் துபாய்க்கு அனுப்ப இருந்த ஒரு சகோதரியுடையது. கணவர் வஃபாத்தாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன, மூத்தவன் இவன்தான். போவதற்கான டிக்கெட் தொகையை மட்டும் எழுதியிருந்தார். திரும்பி வரும் டிக்கெட்டுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டோம். “அதெ ஏஜெண்டு 700 ரூபாய்க்குப் போட்டுத் தர்றேன்னு சொல்லிட்டாரு அண்ணே. சும்மா காட்டுறதுக்குத்தானாம்” என்றார்.

இரண்டாவது மனு, இங்கிலாந்தில் எம்.எஸ்ஸி. படிக்க இடம் கிடைத்த ஒரு மாணவரின் தந்தை கொடுத்தது. அவர் கோபத்தோடு வந்தார். போவதற்கு மட்டும் கேட்டால் 61,000 ரூபாய், போக வரக் கேட்டால் 56,000 ரூபாய் என்று ட்ராவல்ஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். “ரெண்டு இட்லி ஒரு இட்லியை விட மலிவா இருக்குமா பாய்? என்னமோ ஏமாத்துறாங்க” என்பது அவர் வாதம். கூடவே ஒரு மார்க்கச் சந்தேகமும் கேட்டார்: மலிவாக இருக்கிறதே என்று போக வர வாங்கி, வரும் பாதியைப் பயன்படுத்தாமல் விட்டால் அது கூடுமா?

நம் மஹல்லாவில் பாதி வீடுகள் சபுராளி வீடுகள். ரிட்டர்ன் டிக்கெட் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு வேறு விஷயங்கள் இருப்பதை இந்த இரண்டு மனுக்களும் காட்டின. ஒன்று பணம் மிச்சமாகும் விஷயம். மற்றது பிள்ளை பத்திரமாகத் திரும்பி வரும் விஷயம். இரண்டையும் குழப்பிக்கொண்டு நஷ்டப்படுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அதனால் இந்த இதழில் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

இரண்டு இட்லி ஏன் மலிவு?

மாணவரின் தந்தைக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். ட்ராவல்ஸ்காரர் ஏமாற்றவில்லை. தன் திரையில் தெரிந்ததைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

ரயில் கட்டணம் தூரத்தைக் கணக்கிட்டுப் போடப்படுவது. விமானக் கட்டணம் அப்படியல்ல. கேட்பவர் யார், அவரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று கணித்துப் போடப்படுவது. பெரிய நிறுவனங்கள் நெடுங்காலமாக வைத்திருந்த கணக்கு இது: ஒருவழி டிக்கெட் கேட்பவர் பெரும்பாலும் வியாபார வேலையாக அவசரத்தில் போகிறவர், பணத்தை அவருடைய கம்பெனி கொடுக்கும், போக வரத் தேதி குறித்து முன்கூட்டியே வாங்குபவர் குடும்பத்தைப் பார்க்கவோ சுற்றிப் பார்க்கவோ போகிறவர், விலை கூடினால் பயணத்தையே விட்டுவிடுவார். ஆகவே இவருக்கு மலிவு, அவருக்கு அதிகம். வியாபாரி மலிவு டிக்கெட்டை எடுத்துவிடக் கூடாது என்பதற்காக, மலிவுக் கட்டணத்தில் போகிறவர் ஒரு சனிக்கிழமை இரவையாவது போன ஊரில் கழிக்க வேண்டும் என்றுகூட நிபந்தனை வைத்திருந்தார்கள். வியாபாரி வார இறுதிக்குள் வீடு திரும்பிவிடுவார் அல்லவா! இன்னொரு காரணமும் உண்டு. போகும்போதே வரும் டிக்கெட்டையும் விற்றுவிட்டால், அந்தப் பயணி திரும்பும்போது போட்டி நிறுவனத்துக்குப் போக மாட்டார்.

குறைந்த கட்டண விமானங்கள் வந்தபின் இந்தக் கணக்கு மாறியது. அவை போவதற்குத் தனி விலை, வருவதற்குத் தனி விலை என்று விற்கின்றன. திருச்சியிலிருந்து வளைகுடாவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பறக்கும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோ, ஏர் ஏஷியா, ஸ்கூட் எல்லாம் இந்த வகைதான். இவற்றில் போக வர வாங்கினால் இரண்டு விலையையும் கூட்டித்தான் கொடுக்க வேண்டும். எனவே “ரிட்டர்னா போட்டா மலிவு பாய்” என்று யாராவது சொன்னால், எந்த விமானத்தில் என்று கேளுங்கள். லண்டன், ஐரோப்பா, அமெரிக்கா, கனடா போன்ற தூரப் பயணங்களில், பெரிய நிறுவனங்களில்தான் பழைய கணக்கு இன்னும் அங்கங்கே நிற்கிறது. அங்கே இரண்டு விலையையும் கேட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.

வாங்கிவிட்டு வராமல் இருக்கலாமா?

நாங்கள் ஃபத்வா கொடுக்கும் இடத்தில் இல்லை. உள்ளூர் ஆலிம்களிடம் கேட்டதையும் எங்களுக்குப் புரிந்ததையும் சொல்கிறோம்.

காசு கொடுத்து வாங்கிய இருக்கையில் உட்காராமல் விடுவதால் யாருடைய பொருளையும் நாம் எடுத்துவிடவில்லை. ஆனால் டிக்கெட் என்பது ஓர் ஒப்பந்தம். அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சொல்லித்தான் தொடங்குகிறது. டிக்கெட் வாங்கும்போது “விதிகளை ஏற்கிறேன்” என்ற கட்டத்தில் நாம் டிக் அடிக்கிறோம், யாரும் படிப்பதில்லை. பல நிறுவனங்களின் விதிகளில், பயணம் முழுவதையும் வரிசைப்படி செய்யாவிட்டால் உண்மையாகச் செய்த பயணத்துக்குரிய கட்டணத்தைக் கணக்கிட்டு மீதியைக் கேட்கலாம் என்று இருக்கிறது. வெறும் மிரட்டல் என்று நினைக்க வேண்டாம். நார்வேயின் ஆஸ்லோவிலிருந்து ஃபிராங்ஃபர்ட் வழியாக அமெரிக்காவின் சியாட்டிலுக்குப் போக வர டிக்கெட் எடுத்த ஒரு பயணி, திரும்பும்போது ஃபிராங்ஃபர்ட்டிலேயே இறங்கிக்கொண்டு கடைசிப் பகுதியை விட்டுவிட்டார். லுஃப்தான்சா நிறுவனம் அவரிடம் 2,112 யூரோ கேட்டு வழக்கே போட்டது. 2018 டிசம்பரில் பெர்லின் நீதிமன்றம் ஒன்று அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. சாதாரணப் பயணி ஒருவர் ஒரே ஒரு முறை திரும்பி வராமல் விட்டதற்காக இப்படித் துரத்துவது மிக அபூர்வம்தான். ஆனாலும் அந்த விதி இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை யாரும் யோசிப்பதில்லை. நிறுவனம் பயணியை விட்டுவிட்டு, டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்சிக்கு அபராத பில் அனுப்பலாம். ஒரே கடையில் இப்படிப் பல டிக்கெட்டுகள் தொடர்ந்தால் அனுப்பவும் செய்கிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சின்னதாக ட்ராவல்ஸ் வைத்துப் பிழைக்கும் நம் சகோதரர் தலையில் அது விழும். ஆகவே திரும்பி வரும் எண்ணம் இல்லையென்றால் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தெரிந்து போட்டுக் கொடுப்பது அவர் பொறுப்பு.

அந்த மாணவருக்கு நாங்கள் சொன்ன யோசனை வேறு. வரும் பாதியை ஏன் வீணாக்க வேண்டும்? போக வர டிக்கெட் பெரும்பாலும் பயணம் தொடங்கிய நாளிலிருந்து ஓராண்டு வரை செல்லும். விமான நிறுவனங்களும் ஏறக்குறைய 11 மாதம் முன்னாலிருந்தே முன்பதிவு திறந்து வைக்கின்றன. எனவே திரும்பும் தேதியைப் படிப்பு முடியும் காலத்தை ஒட்டிப் போட்டுக்கொண்டு, பிறகு தேவைப்பட்டால் கட்டணம் கட்டித் தேதியை மாற்றலாம். தேதி மாற்ற அனுமதி உள்ள டிக்கெட்டா, எவ்வளவு கட்டணம் என்பதை மட்டும் வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். மாணவர் கட்டணம் என்று சில நிறுவனங்கள் தனியாகக் கொடுக்கின்றன. கூடுதல் பெட்டி கொண்டுபோக அனுமதி கிடைக்கும். அரிசி, மசாலா, கம்பளி என்று முதல் வருடம் போகிற பிள்ளைக்கு ஒரு பெட்டியின் மதிப்பு அதிகம். அவர் தந்தை வீட்டில் கலந்து பேசி, கடைசியில் ஒருவழி மாணவர் கட்டணத்தையே எடுத்தார். பெட்டிதான் காரணம்!

முதல் பாதியை மட்டும் விடவே கூடாது

போக வர டிக்கெட்டில் பின்பாதியை விட்டால் அந்தப் பாதியோடு போயிற்று. முன்பாதியை விட்டால் முழு டிக்கெட்டும் போய்விடும். இது நம் மக்களுக்குத் தெரியவே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரர் திருச்சி–சென்னை, சென்னை–வளைகுடா என்று ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தார். சென்னையில் ஒரு நிக்காஹ் இருந்தது. முந்தைய இரவே ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸில் ஏறிப் போய்விட்டார், திருச்சி விமானத்தில் ஏறவில்லை. மறுநாள் சென்னை விமான நிலையத்தில் போய் நின்றால், அவர் பெயரே பட்டியலில் இல்லை. முதல் பகுதியில் வராதவரின் மீதிப் பயணம் முழுவதையும் கம்ப்யூட்டர் தானாகவே ரத்து செய்துவிட்டது. திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்ந்து போயிற்று. விடுமுறை முடிந்து வேலைக்குச் சேர வேண்டிய கட்டாயம்; அன்றைய விலைக்குப் புது டிக்கெட் வாங்கினார். நிக்காஹ் விருந்து அவருக்கு அவ்வளவு விலைக்கு வந்தது.

ஆகவே, “அங்கிருந்து வருவதற்கு மட்டும்தான் வேண்டும், ஆனால் இங்கிருந்து போக வரப் போட்டால் மலிவாக இருக்கிறது” என்று வாங்கி முன்பாதியை விடும் யோசனை அறவே வேண்டாம்.

பின்பாதியை விடுவதாக இருந்தாலும் சும்மா விட்டுவிடாதீர்கள். விமானம் புறப்படுவதற்கு முன்பே முறையாக ரத்து செய்யுங்கள். அந்த இருக்கை இன்னொருவருக்குக் கிடைக்கும். உங்களுக்கும் ஏதாவது திரும்பக் கிடைக்கும். நம் நாட்டின் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககமான டி.ஜி.சி.ஏ. இதற்குத் தெளிவான விதி வைத்திருக்கிறது. “பணம் திரும்பக் கிடைக்காது” என்று அச்சிட்ட டிக்கெட்டாக இருந்தாலும், ஆஃபரில் வாங்கியதாக இருந்தாலும், பயணம் செய்யாத டிக்கெட்டில் உள்ள அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும். ரத்துக் கட்டணம் என்ற பெயரில் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு மேல் பிடிக்கவும் கூடாது. இந்திய நிறுவனங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் நாட்டு விதிப்படி திருப்பித் தரும். ஏஜென்சி மூலம் வாங்கியிருந்தால் அவர் வழியாகவே கேட்டு வாங்குங்கள். “வராது பாய், விடுங்க” என்ற ஒரு சொல்லில் எத்தனையோ ஆயிரங்கள் போயிருக்கின்றன.

விசிட் விசாவும் 700 ரூபாய் டிக்கெட்டும்

இனி அந்தச் சகோதரியின் மனுவுக்கு வருவோம். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே இதுதான்.

விசிட் விசாவில் போகிறவரிடம் திரும்பி வரும் டிக்கெட்டை முதலில் கேட்பது அந்த நாட்டு அதிகாரி அல்ல, நம் ஊர் விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரில் இருப்பவர்தான். அவருக்கு என்ன அக்கறை என்று தோன்றும். போன நாட்டில் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினால், அந்தப் பயணியைத் திரும்ப ஏற்றி வரும் பொறுப்பு கூட்டிப் போன நிறுவனத்தின் தலையில் விழுகிறது; பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால் எந்த நாட்டுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று கம்ப்யூட்டரில் பார்த்து, இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். துபாய் விசிட்டுக்குப் போகிறவர் உறுதியான ரிட்டர்ன் டிக்கெட்டும், தங்கும் இடத்துக்கான ஆதாரமும், 3,000 திர்ஹம் அளவுக்குப் பணமும் காட்ட வேண்டும் என்பது 2024-இல் கறாராக அமலாகத் தொடங்கியது. டிக்கெட் எடுத்துப் பெட்டி கட்டிக்கொண்டு போனவர்கள் பலர் அப்போது விமான நிலையத்தோடு திரும்பினார்கள். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் 2023 இறுதியிலிருந்து நமக்கு விசா இல்லாமலே போக முடிகிறது. விசா வேண்டாம் என்றால் ரிட்டர்ன் டிக்கெட்டும் வேண்டாம் என்று பொருளல்ல. விசாத் தாள் இல்லாத இடத்தில் திரும்பி வரும் டிக்கெட்டைத்தான் இன்னும் உற்றுப் பார்க்கிறார்கள்.

நம் பக்கத்தில் வேறொரு விதியும் சேர்கிறது. அந்தப் பையனின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தோம். இசிஆர் பாஸ்போர்ட், பத்தாவது முடிக்கவில்லை. வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு இந்த பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போவதென்றால் அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். வேலைக்கு அல்லாமல் போவதென்றால் அனுமதி வேண்டாம். அதற்குப் பதிலாகச் செல்லுபடியாகும் விசாவையும் ரிட்டர்ன் டிக்கெட்டையும் நம் நாட்டு இமிக்ரேஷனில் காட்ட வேண்டும். அதாவது இந்தப் பையனுக்கு ரிட்டர்ன் டிக்கெட் என்பது அரசாங்கத்துக்கு எதிரே நின்று “நான் வேலைக்குப் போகவில்லை, திரும்பி வருவேன்” என்று சொல்லும் வாக்குமூலம். அதைத்தான் 700 ரூபாய்க்குப் பொய்யாகப் போட்டுத் தருகிறேன் என்கிறார் ஏஜெண்ட்.

டம்மி டிக்கெட் என்று சொல்லப்படுபவை இரண்டு வகை. ஒன்று, இருக்கையைச் சில மணி நேரத்துக்குத் தற்காலிகமாகப் பிடித்து வைத்த முன்பதிவு. பணம் கட்டாததால் சீக்கிரமே ரத்தாகிவிடும். ஆறு எழுத்து பி.என்.ஆர். எண் இருக்கும், டிக்கெட் எண் இருக்காது. மற்றது, யாரோ ஒருவருடைய பழைய டிக்கெட்டில் பெயரையும் தேதியையும் மாற்றி அச்சடித்தது. இது அப்பட்டமான போலி ஆவணம், காட்டியவர்தான் குற்றவாளி. செய்து கொடுத்தவர் போனை எடுக்க மாட்டார்.

உண்மையான டிக்கெட்டா என்று வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். விமான நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் பி.என்.ஆர். எண்ணையும் பாஸ்போர்ட்டில் உள்ள குடும்பப் பெயரையும் போட்டுப் பாருங்கள். பெரிய நிறுவனங்களின் டிக்கெட்டில் 13 இலக்க எண் இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தைக் குறிப்பது: எமிரேட்ஸ் என்றால் 176, கத்தார் ஏர்வேஸ் 157, ஏர் இந்தியா 098. குறைந்த கட்டண நிறுவனங்கள் சிலவற்றில் இந்த எண் இருக்காது. அங்கே பணம் செலுத்தி உறுதியானது என்று இணையதளத்தில் காட்ட வேண்டும். ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள்.

விசிட்டில் போய் அங்கே வேலை தேடிக்கொள்வது தவறா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அமீரகத்தில் விசிட்டில் இருக்கும்போதே ஒரு கம்பெனி முறையாக வேலை விசா எடுத்துக் கொடுத்தால், நிலையை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. விசா நாள் முடிவதற்குள் கிடைத்தால் இருப்பேன், கிடைக்காவிட்டால் இந்த டிக்கெட்டில் திரும்பிவிடுவேன் என்ற நிய்யத்தோடு உண்மையான ரிட்டர்ன் டிக்கெட் எடுத்தவர் யாரிடமும் பொய் சொல்லவில்லை. வேலை கிடைத்தால் ரிட்டர்னை ரத்து செய்து, கிடைக்கிற பணத்தை வாங்கிக்கொள்ளலாம். வேலை விசா வராமலே வேலை பார்ப்பதும், நாள் கடந்தும் தங்குவதும்தான் குற்றம். கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதம். அனுமதியில்லாமல் வேலைக்கு வைப்பவருக்கு 2024-இல் திருத்திய சட்டப்படி ஒரு லட்சம் திர்ஹத்திலிருந்து பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம். எந்த முதலாளி இனி அதற்குத் துணிவார்? துணிகிறவர் சம்பளம் கொடுக்காவிட்டால் எங்கே போய் முறையிடுவது?

ஆனால் இசிஆர் பாஸ்போர்ட்காரர்களுக்கு இந்த வழியை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். முறைப்படி போனால் வேலை ஒப்பந்தம் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகிறது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய்தான் பிரீமியம். விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால், அல்லாஹ் காப்பாற்றுவானாக, 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். விசிட்டில் போகிறவர் ஏஜெண்டிடம் இதைவிட அதிகம் கொடுத்துவிட்டு, இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் போகிறார்.

தாய்லாந்து வேலை என்று சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். 2022-இல் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பி பாங்காக் போன நம் நாட்டு இளைஞர்கள் பலர், எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோகப்பட்டு இணைய மோசடிக் கூடாரங்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் தமிழகத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். வெளியுறவு அமைச்சகம் அப்போதே எச்சரிக்கை வெளியிட்டது. அதற்குப் பிறகும் பிள்ளைகளை மீட்டுக் கொண்டுவரும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. அங்கே டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பிள்ளை கையில் இருக்காது. ஆனால் புறப்படும் முன்பே “ரிட்டர்ன் எல்லாம் நாங்க பாத்துக்குறோம், தாள் எங்க கையிலேயே இருக்கட்டும்” என்று ஒருவர் சொன்னால், பெற்றோர் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அந்தச் சகோதரியின் மகனுக்குத் துபாயில் என்ன வேலை என்று ஏஜெண்டைக் கூப்பிட்டுக் கேட்டோம். டெலிவரி வேலை என்றார். எந்தக் கம்பெனி என்றால் போனதும் தெரியும் என்றார். ஒப்பந்தத் தாள் கேட்டோம், இல்லை. இ-மைக்ரேட் பதிவு எண் கேட்டோம், லைன் துண்டிக்கப்பட்டது. அந்த மனுவை நாங்கள் நிறுத்தி வைத்தோம். சகோதரிக்கு எங்கள் மேல் வருத்தம்தான். ஊரில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தானே போனார்கள், என் பிள்ளைக்கு மட்டும் சட்டமா என்று கேட்டார். பதில் சொல்லச் சிரமமாக இருந்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை. பையன் இப்போது ஏ.சி. மெக்கானிக் பயிற்சிக்குப் போகிறான். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்திருக்கிறோம். இந்த இதழ் அச்சுக்குப் போகும்வரை எதுவும் அமையவில்லை. துஆச் செய்யுங்கள்.

ஊர் திரும்புகிறவர்களுக்கு

மொத்தமாக முடித்துக்கொண்டு ஊர் வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து ஃபைனல் எக்ஸிட்டில் வரும்போது ஒருவழி டிக்கெட்டைச் சொந்தக் காசில் வாங்கிவிடுகிறார்கள் பலர். சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, ஒப்பந்த உறவு முடிந்தபின் தொழிலாளி ஊர் திரும்பும் டிக்கெட்டை முதலாளியின் பொறுப்பாக வைத்திருக்கிறது. அமீரகச் சட்டத்திலும் ஊருக்கு அனுப்பும் செலவு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, முதலாளியுடையதே. உரிமையை மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறாக, விடுமுறை என்று சொல்லிக் கம்பெனி கொடுத்த ரிட்டர்ன் டிக்கெட்டோடு வந்து, திரும்பிப் போகாமலே இருந்துவிடுகிறவர்களும் உண்டு. ராஜினாமா எழுதிக் கொடுத்து முறையாக வந்தால், சவூதியில் இரண்டு ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவருக்குப் பணிக்கொடையில் மூன்றில் ஒரு பங்கும், ஐந்து ஆண்டுக்கு மேல் என்றால் மூன்றில் இரண்டு பங்கும், பத்து ஆண்டு என்றால் முழுவதும் சட்டப்படி கிடைக்கும். சொல்லாமல் நின்றுவிட்டால் அந்தப் பணத்தைக் கேட்க வழியே அடைபட்டுப்போகிறது. ஒரு கடிதம் எழுதச் சோம்பி, எத்தனை வருட உழைப்பை விட்டுவிடுகிறோம் பாருங்கள்.

டிரஸ்டின் ஏற்பாடு

இதுவரை கர்ளு ஹஸனாவில் போகும் டிக்கெட்டுக்கு மட்டுமே கடன் கொடுத்து வந்தோம். 700 ரூபாய் டிக்கெட்டைத் தேடிப் போக வைத்ததில் அந்த நடைமுறைக்கும் பங்கு இருக்கிறது என்று குழுவில் பேசினோம். இனி விசிட் விசாவில் குடும்பத்தைப் பார்க்கவோ, மருத்துவத்துக்கோ, நேர்காணலுக்கோ போகிறவர்களுக்கு இரண்டு வழிக்கும் சேர்த்தே கடன் வழங்கப்படும். டிக்கெட்டை டிரஸ்டே நேரடியாக வாங்கிக் கொடுக்கும். ரிட்டர்ன் ரத்தாகித் திரும்பி வரும் தொகை, கடனில் கழித்துக்கொள்ளப்படும். வேலைக்குப் போகிறவர்கள் ஒப்பந்தத் தாளின் நகலையும், ஏஜெண்டின் பதிவு எண்ணையும், பாஸ்போர்ட் நகலையும் கொண்டுவர வேண்டும். ஏற்கெனவே டிக்கெட் வாங்கியவர்கள் அது உண்மையானதா என்று பார்த்துக்கொள்ள விரும்பினால், வெள்ளி நீங்கலாக மற்ற நாட்களில் அஸருக்குப் பிறகு மஃக்ரிப் வரை அலுவலகத்துக்கு வரலாம். கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர் ஒருவர் இருப்பார், கட்டணம் இல்லை. பயணத் தேதிக்கு ஒரு வாரம் முன்பாவது வந்தால் ஏதாவது செய்ய முடியும். விமான நிலையத்திலிருந்து போன் செய்தால் எங்களால் முடிந்தது மிகக் குறைவு.